குலவையை ஸ்பீக்கரில் போடாதே

தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்க இன்றைக்கு மனசு வரவில்லை. கல்யாண மாப்பிள்ளை, உனக்கென்ன குறை. ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரலில் அவ்வளவு உற்சாகம். போனை வைத்ததிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அப்போதே திட்டியிருக்கலாம். ஆனால் உன்னைப் போனில் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் “சரிம்மா, சரிம்மா” என்பாய், பின்னாடி நீ கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எதற்குச் சரி சொன்னாய் என்று மறுநாள் கேட்டால் உனக்கே தெரியாது. எத்தனையோ வருஷம் ஸ்கூலில் டீச்சராக இருந்தவள் நான், கவனிக்காத பையனின் முகம் எனக்குப் போனிலேயே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே. படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, உன் சித்தப்பாவிடம் காட்டு, ஆபீசில் உன்னோடு இருக்கிறவர்களிடம் காட்டு. இதில் ஒளித்து வைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் கேட்டேனா என்று முதலில் எழுதிவிடுகிறேன். கல்யாண மேடையில் மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் நிற்கிற இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் நிற்பார்கள். பாத பூஜை அவர்களுக்கு. தாலித் தட்டைத் தொட்டுக் கொடுப்பது சித்தி. பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஆரத்தி எடுத்து வீட்டுக்குள் அழைப்பதும் சித்தி. நான் கீழே முதல் வரிசையில், மெத்தை வைத்த நாற்காலியில், ஏசி காற்று நேராக வருகிற இடமாகப் பார்த்து உட்கார வேண்டும். “ஒனக்கு முட்டி வலிக்கும்லம்மா, எதுக்கு மேடையேறி எறங்கிக்கிட்டு” என்றாய். என் முட்டிக்கு என்னடா வந்தது? தண்ணீர் வராத அன்றைக்கு மாடிக்குக் குடம் தூக்குவது யார் என்று நினைத்தாய்? பிறகு நீயாகவே, “இல்லம்மா, பொண்ணு வீட்டுல பாப்பாங்க. அப்பா இல்லேல்ல... அதான்” என்று இழுத்தாய். புருஷன் செத்தவள் மேடையேறக் கூடாது என்பதை இவ்வளவு மெத்தென்று இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட நான் அழுதுவிட்டு அடங்கியிருப்பேனோ என்னவோ. அதற்கு அப்புறம் சொன்னாய் பார், அதுதான். “ஆனா ஒனக்கு ஒரு சர்ப்ரைஸ் வச்சிருந்தேம்மா, இப்பவே சொல்லிர்றேன். தாலி கட்டுறப்ப கெட்டிமேளத்தோட சேத்து ஒங் கொலவைதான் வரப்போகுது! அப்பா பாட்டுல இருந்து அத மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்தாச்சு. டிஜேகிட்டயும் குடுத்தாச்சு. நாலு பக்கமும் ஸ்பீக்கர். மண்டபமே அதிரும் பாரு” என்றாய். நீ எனக்கு ஏதோ பெரிய மரியாதை செய்கிறாய் என்று உண்மையாகவே நம்புகிறாய், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் கல்யாணத்தில் என் குலவை கேட்கும். நான் அதை வாயை மூடிக்கொண்டு, கீழே உட்கார்ந்து கேட்க வேண்டும். என் சத்தம் மேடைக்கு ஆகும், நான் ஆக மாட்டேன்.

அப்பாவுடைய பாட்டு, அப்பாவுடைய பாட்டு என்கிறாயே, அது எப்படி வந்தது என்று முழுசாக உனக்குத் தெரியுமா? நீ கேட்டதெல்லாம் அப்பா சொன்ன பாதி. மீதியை நான் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் நான் காலேஜ் படித்தேன். மேலூர் பக்கத்திலிருந்து, அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் களையெடுத்த குடும்பத்திலிருந்து, எங்கள் தெருவில் முதல்முதலாகக் காலேஜுக்குப் போனவள் நான். லீவுக்கு ஊருக்குப் போனால் நானும் சேற்றில் இறங்கி நட்டுவிட்டுத்தான் வருவேன். உன் அப்பா மேற்கே சோழவந்தான் பக்கம், கிணறும் பம்புசெட்டும் உள்ள வீட்டுப் பிள்ளை. தோளில் எலெக்ட்ரிக் கிடாரும் காதை மறைக்கிற முடியுமாகத் திரிவார். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ராக் இசை என்று என்னத்தையோ செய்துகொண்டிருந்தார்கள். காலேஜில் பாதிப் பேர் அவர்களைக் கிறுக்கன்கள் என்றார்கள். நானும்தான் சொன்னேன்.

அந்தக் கிறுக்கன்கள் ஒரு எல்பி ரெக்கார்டு போட்டார்கள். ‘கோடைத் தண்ணி’ என்று அதற்குப் பேர். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. நடுவில் மேலூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுகிற சத்தம் வரும், கோயில் மணியைத் தலைகீழாக ஓடவிட்ட சத்தம் வரும், ஒரு நிமிஷம் ஒன்றுமே வராது. ரெக்கார்டு கீறிவிட்டது போலிருக்கிறது என்று வாங்கின ஆள் ஒருவர் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று அப்பாவே சொல்லிச் சிரிப்பார். அதில் இருந்ததிலேயே சின்னப் பாட்டு ‘நாத்து’. சின்னதாக இருந்ததால்தான் கம்பெனிக்காரர்கள் அதை மட்டும் தனி ரெக்கார்டாகப் போட்டார்கள், வேறு எந்தப் பெருமையாலும் இல்லை. உன் தாத்தா வயல் பம்புசெட்டின் டக்டக் சத்தத்தை டேப்பில் பிடித்து, அதையே தாளமாக வைத்துக்கொண்டு, அதன்மேல் டிரம்ஸும் கிடாரும். பம்புசெட்டு நெஞ்சுக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். அதுவரைக்கும் சரி. ஆனால் பாட்டு எங்கே போய் முடிவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் ஹாஸ்டலில் நாங்கள் பொங்கல் வைத்தோம். பானை பொங்கியதும் நான் குலவை போட்டேன். நாக்கைச் சுழற்றி ஒரே மூச்சில், எங்கள் ஊரில் முதல் நாற்றை வயலில் வைக்கும்போது போடுவோமே, அதே குலவை. காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்த உன் அப்பா அதைக் கேட்டிருக்கிறார். மறுநாள் லைப்ரரி வாசலில் வழியை மறித்துக்கொண்டு, “ஏங்க, நேத்து அந்தச் சத்தம் நீங்களா? அத எங்க பாட்டுக்குக் குடுங்க” என்றார். பேனாவைக் கேட்கிற மாதிரி. “சத்தத்த எப்பிடிக் குடுக்கிறது? கழட்டியா குடுக்க முடியும்?” என்று கேட்டேன். அதற்குத்தான் சிரித்தார், அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. உன்னைப் பெற்றவள் எழுதக்கூடாததை எழுதுகிறேன் என்று நினைக்காதே. இது உனக்குத் தெரிய வேண்டும். நான் அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைத்தான் இன்றைக்கு உன்னிடமும் கேட்கிறேன். நீ கழற்றித்தான் எடுத்துக்கொண்டாய்.

மெட்ராஸில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஹாஸ்டலில் ஒரு பொய் சொல்லிவிட்டு, தோழி ஒருத்தியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போனேன். மைக்குக்கு முன்னால் நிறுத்தி, “கொஞ்சம் மெதுவாப் போடும்மா, மெஷின் தாங்காது” என்றார் ரெக்கார்டிங் செய்கிறவர். குலவையை மெதுவாகப் போட முடியுமா? மெதுவாகப் போட்டால் அது கொட்டாவி. கடைசியில் என்னை வராண்டாவின் கோடியில் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, மின்விசிறியை எல்லாம் அணைத்துவிட்டுப் போடச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் போட வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அதனால்தான் ஒரு கூட்டமே குலவையிடுகிற மாதிரி உனக்குக் கேட்கிறது. கூட்டம் இல்லை தம்பி, நான் ஒருத்திதான். சேலை முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு வேர்த்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லாமல் தனியாகக் குலவை போட்டேன். குலவை தனியாகப் போடுகிற காரியமே இல்லை. ஒருத்தி எடுக்க மற்றவர்கள் சேர்வார்கள். அன்றைக்கு நானே எடுத்து நானே சேர்ந்தேன்.

ரெக்கார்டு வந்தது. உறையில் நாலு பையன்களின் பெயரும் பெரிதாகப் போட்டிருந்தது. கீழே பொடி எழுத்தில், ‘குலவை: வயல்வெளிப் பெண்கள்’. நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “ஒம் பேரப் போட்டா ஒங்க வீட்டுக்குத் தெரிஞ்சிரும்ல, ஒனக்கு நல்லதுக்குத்தான் போடல” என்றார் உன் அப்பா. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தெரிந்தால் தெரியட்டும் என்று சொல்லியிருப்பேன். நாலு நாள் அவரோடு பேசவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டார், வாழ்க்கை பூராவும் வருத்தப்பட்டார். அது வேறு. ஆனால் எனக்கு நல்லது செய்கிறேன் என்று என்னைக் கேட்காமல் செய்கிற இந்தப் புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாய்.

எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டிலும் யாரும் வரவில்லை. அதற்குக் காரணத்தை உனக்கு எழுதிக் காட்ட வேண்டியதில்லை. எங்கள் தெரு எது, அவர்கள் தெரு எது என்று உனக்கே தெரியும். ரிஜிஸ்தர் ஆபீசில் ஒரு மர பெஞ்சுக்கு முன்னால் நின்று தாலி கட்டினார். சாட்சிக்கு அவருடைய டிரம்ஸ்காரரும் என் ஹாஸ்டல் தோழியும். தாலி கழுத்தில் விழுகிறபோது பக்கத்து அறையில் யாரோ டைப் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்திலும் குலவை போட்ட என் அம்மா வரவில்லை. அக்கா வரவில்லை. எனக்குக் குலவை போட ஒரு ஆள் இல்லை. காளவாசலில் வாடகைக்குப் பிடித்திருந்த ஒற்றை அறைக்கு வந்ததும், அப்பா யாரிடமோ இரவல் வாங்கிய ரெக்கார்டு பிளேயரில் ‘நாத்து’வைப் போட்டார். கடைசியில் அந்தக் குலவை வந்தது. “நமக்கு யாரும் வராட்டி என்ன, ஒங் கொலவைதான் இருக்கே” என்றார். என் கல்யாணத்துக்கு நானே குலவை போட்டுக்கொண்ட மாதிரி ஆயிற்று. நான் சிரித்தேன், அப்புறம் விக்கி விக்கி அழுதேன்.

இந்தக் கதையை உனக்கு நான்தான் சொன்னேன், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் நீ கண்கலங்கிக் கேட்டாய். கேட்டுவிட்டு நீ புரிந்துகொண்டது இதுதானா? கல்யாணத்தில் ரெக்கார்டு போட்டால் அம்மா சந்தோஷப்படுவாள் என்றா? அடேய், அன்றைக்கு எங்களிடம் ஆள் இல்லாததால்தானடா ரெக்கார்டைப் போட்டோம்! ஆள் வந்திருந்தால் அந்த ரெக்கார்டை யார் தொட்டிருப்பார்கள்? அன்றைக்கு ரெக்கார்டு இருந்தது, ஆள் இல்லை. இன்றைக்கு ஆள் நான் குத்துக்கல் மாதிரி இருக்கிறேன், என்னை உட்கார வைத்துவிட்டு ரெக்கார்டைப் போடுகிறேன் என்கிறாய். நீ நல்ல மனசோடு செய்தாய் என்று எனக்குத் தெரியும். உன் நல்ல மனசை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சித்தப்பா சித்தி விஷயத்துக்கு வருகிறேன். உன் சித்தி மேல் எனக்குக் கோபம் இல்லை. நேற்று அவளே போன் பண்ணினாள். “அக்கா, தம்பி வந்து கேட்டுச்சு. நான் என்னத்தச் சொல்ல? வேண்டாம்னா மனசு சங்கடப்படும்னு சரின்னுட்டேன். நீங்க ஒண்ணும் நெனச்சுக்கிறாதீங்க” என்றாள். பாவம், அவள் என்ன செய்வாள். ஆனால் உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். உன் அப்பா வீட்டு ஆட்கள் நீ பிறக்கிற வரைக்கும் எங்கள் வாசற்படி மிதித்ததில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து நீ பிறந்தாய். ஆண் பிள்ளை என்றதும்தான் உன் தாத்தா தொட்டிலோடு வந்தார். அதற்கு அப்புறமும் அந்த வீட்டு விசேஷங்களில் பந்தியில் எனக்கு எந்த மூலையில் இலை விழுந்தது என்று உனக்குத் தெரியாது, உனக்குத் தெரிய வேண்டாம் என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருந்தோம். அதெல்லாம் போகட்டும், மனிதர்கள் மாறினார்கள், நானும் மறந்தேன். ஆனால் என் கல்யாணத்துக்கு வராத வீட்டிலிருந்து, என் மகன் கல்யாணத்தில் நான் நிற்க வேண்டிய இடத்துக்கு ஆள் வருகிறது. அதை ஏற்பாடு செய்தது என் மகன். இதை நான் எப்படிச் செரிக்க?

தாலியறுத்தவள் மங்கல காரியத்துக்கு ஆகாது என்கிற சட்டம் எங்கள் தெருவில் இந்த அளவுக்கு இருந்ததில்லை. இருக்கவும் முடியாது. எங்கள் ஊர் நடவில் குலவைக்கு முன்னால் நின்றவள் என் சின்னம்மா. சின்ன வயசிலேயே புருஷனைப் பாம்புக்குக் கொடுத்தவள். கையில் முதல் நாற்றுமுடியை வாங்கி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, அவள் குலவையெடுத்தால் பக்கத்து வயல் மாடு நிமிர்ந்து பார்க்கும். வரப்பில் குடையோடு நிற்கிற நிலத்துக்காரர் ஒரு நாளாவது “இவ தாலியறுத்தவளாச்சே, இவ போடக்கூடாதே” என்று சொன்னாரா? சொல்ல மாட்டார், அவருக்கு நடவு முடிய வேண்டும். நெல்லும் விளையாமல் போனதில்லை. வயலுக்கு ஆகிற வாய் மண்டபத்துக்கு மட்டும் ஆகாதா? சேற்றில் நிற்கிற வரைக்கும் நாங்கள் எல்லாரும் சுமங்கலியா? உன் அப்பாவுடைய பாட்டில் வருகிற குலவையே அந்தச் சின்னம்மாவிடம் நான் கற்றுக்கொண்டதுதான். நீ ஸ்பீக்கரில் போட்டு மண்டபத்தை அதிர வைக்கப்போவது ஒரு தாலியறுத்தவளுடைய குலவை. இதை உன் டிஜேவிடமும் சொல்லி வை.

போன வருஷம் நடந்ததையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இனிமேல் மனசில் வைத்துக்கொள்ள இடம் இல்லை. பழைய ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து மறுபடி போடுகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ‘நாத்து’வைக் கேட்டு உனக்கு எழுதியது. இத்தனை காலம் பரணில் கிடந்த பாட்டை உன் வயசுப் பிள்ளைகள் போனில் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள் என்று நீ காட்டியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா இருந்து பார்த்திருக்கலாமே என்று அன்றைக்கெல்லாம் அதே நினைப்பு. புது உறை வந்தது. பளபளவென்று இருந்தது. நாலு பேர் பெயரும் இருந்தது. கீழே அதே பொடி எழுத்து, அதே வயல்வெளிப் பெண்கள். பெயர்களைக் கேட்டு அவர்கள் உனக்குத்தானே எழுதினார்கள்? அனுப்பியது நீதானே? கேட்டதற்கு, “பழச அப்பிடியே வைக்கணும்னு சொன்னாங்கம்மா, அதான் ஒரிஜினல் மாதிரியே விட்டுட்டேன்” என்றாய். நான் தலையை ஆட்டிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது பொண்ணு வீட்டு விஷயம். பொண்ணு வீட்டில் பார்ப்பார்கள், பொண்ணு வீட்டில் நினைப்பார்கள் என்றாய் அல்லவா? திங்கட்கிழமை காலையில் ஆரப்பாளையத்துக்கு நேரே கிளம்பிப் போனேன். உன் மாமனாருடைய லாட்ஜுக்கு மேலேதானே அவர்கள் வீடு. உன் மாமியார் என்னைப் பார்த்ததும் பதறிப்போய், “வாங்க மதினி, என்ன திடீர்னு? ஏதும் கொறையா?” என்று கேட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை. “மேடையில நான் நிக்கிறதுல ஒங்களுக்கு ஏதும் மனத்தாங்கல் உண்டா?” என்றேன். அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்துவிட்டது. “யாரு மதினி அப்பிடிச் சொன்னது? நாங்க அப்பிடி ஒரு வார்த்த பேசலையே! மாப்ளதான வந்து, எங்கம்மாவுக்கு முட்டி வலி, சித்திதான் நிப்பாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு” என்றார். உள்ளேயிருந்து கல்யாணப் பொண்ணு வேறு ஓடிவந்து, “அத்தை, அந்தக் கொலவை நெசமாவே நீங்க ஒரு ஆளு போட்டதா? எனக்குச் சொல்லித் தாரீங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளிடம் சிரித்துப் பேசிவிட்டு வந்தேன்.

அப்படியென்றால் யாரும் கேட்கவில்லை. யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. ஒருவேளை யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நீயாகவே பயந்து, அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே உன் அம்மாவைத் தூக்கி ஓரத்தில் வைத்துவிட்டாய். என்னிடம் அவர்கள் பெயரைச் சொன்னாய், அவர்களிடம் என் முட்டியைச் சொன்னாய். எவனோ ஒரு பெரிய மனுஷன் வந்து என்னைத் தடுத்திருந்தால் நான் அவனோடு சண்டை போட்டிருப்பேன், அது எனக்குப் பழக்கம்தான். என் பிள்ளை தடுத்தால் நான் எங்கே போய்ச் சண்டை போடுவேன்? இதோ இந்தக் காகிதத்தில்தான் போட வேண்டியிருக்கிறது.

கல்யாணம் ஆகிறவனுக்குப் பெற்றவள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். அந்தப் பொண்ணுக்கு நல்லது செய்கிறேன் என்று நீயாக எதையும் செய்யாதே. அவளைக் கேள். அவள் வேலைக்குப் போவதோ வீட்டில் இருப்பதோ, அவள் பெயரை எங்கே எப்படி எழுதுவதோ, அவளுக்கு எங்கே வலிக்கிறது என்பதோ, எதுவாக இருந்தாலும் அவள் வாயால் வரட்டும். உன் அப்பா நல்லவர். எனக்காக வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வந்தவர். காலம் முழுக்க ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்து, கிடாரைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு என்னை டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தவர். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் அவ்வளவு பிரியம். ஆனால் அந்த ஒரு வரிப் பெயரை என்னைக் கேட்காமல் விட்டாரே, அது மட்டும் ஆறவில்லை. நல்லவர்கள் செய்தால் இப்படித்தான், திட்டவும் முடியாது, மறக்கவும் முடியாது. உன் பெண்டாட்டி என் வயசுக்கு வரும்போது இந்த மாதிரிக் கடிதம் எழுதும்படி வைத்துவிடாதே.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். நான் உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரியப்படுத்துகிறேன். பாத பூஜைக்குச் சித்தப்பாவும் சித்தியும் நிற்கட்டும், அவர்களும் உனக்குப் பெரியவர்கள்தான், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர்களுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். அப்பாவுக்கு வாங்கி அவர் உடுத்தாமலே போன பட்டு வேட்டியைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ராத்திரி வரவேற்பில் ‘நாத்து’வைப் போடு, பிள்ளைகள் ஆடட்டும், நானும் உட்கார்ந்து கேட்பேன். பாட்டு உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீ தாலி எடுக்கிற நேரத்தில் அந்த ஸ்பீக்கரில் ஒரு சத்தம் வரக்கூடாது. நாதஸ்வரமும் தவிலும் போதும். வந்ததென்றால், வயரைப் பிடுங்குவதற்கு நான் கூச்சப்பட மாட்டேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் எழுது, அடுத்த தடவை அச்சடிக்கும்போது பொடி எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை, என் பெயர் இருக்கட்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அப்பா போன பிறகு நான் குலவையே போட்டதில்லை. பல்லும் இரண்டு போய்விட்டது. சண்டை போட்டு மேடையேறிவிட்டு அங்கே காற்றுதான் வருகிறது என்றால் என்ன செய்வது? பேனாவை மூடி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். நல்ல வெயில். கொடியில் துணிகள். காளவாசல் சிக்னலில் பஸ்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். கிழக்கே பார்த்து நின்று, சின்னம்மாவை நினைத்துக்கொண்டு, முதல் தடவை போட்டேன். பாதியில் உடைந்து இருமல் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போட்டேன். இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது, ஹாரனுக்கு மேலே போனது. என்னைச் சுற்றி யாரும் இல்லை, ஸ்டுடியோ வராண்டாவில் நின்ற மாதிரியேதான் நின்றேன். ஆனால் அன்றைக்கு மாதிரி யாரும் கேட்டுப் போடவில்லை, நானாகப் போட்டேன்.

எதிர் வீட்டுப் பொம்பளை அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கரண்டியும் கையுமாக அவள் வீட்டு மாடிக்கு ஓடி வந்தாள். “என்னக்கா, என்ன விசேஷம்? தெரு மொனை வரைக்கும் கேக்குது!” என்றாள்.

“எம் மகனுக்குக் கல்யாணம்” என்றேன்.

“இன்னைக்கா? எங்ககிட்டச் சொல்லவே இல்ல?”

“இன்னைக்கு இல்லடி. அன்னைக்கு நாந்தான் கொலவை போடணும், அதான் தொண்டையச் சரி பாக்குறேன்.”

அவளுக்கும் புருஷன் இல்லை, உனக்குத் தெரியும். கரண்டியைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், “நீங்க எடுங்கக்கா. நான் சேந்துக்கிறேன்.”

எடுத்தேன். சேர்ந்தாள்.

மண்டபத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மேடையில் இரண்டு பேர் நிற்க இடம் வை. மைக் வேண்டாம்.

உன் அம்மா